வெறுங்காலால் கேட்டவன்

பெயர்: நெஸ்தோர் இரிபார்னே. வயது: 43. தொழில்: கப்பல் கட்டும் தளத்தில் வெல்டர், ‘ஆறு மணிச் சங்கு’ என்னும் ராக் குழுவில் பேஸ் கிட்டார் வாசிப்பவர். முகவரி: மொந்தேவிதேயோ தெருவுக்குப் பின்புறம், தகர வீடு, கதவு எண் 417, பெரிஸ்ஸோ, புவெனோஸ் ஐரெஸ் மாகாணம். பதிவான நாள்: 1999 நவம்பர் 25, வியாழன், காலை பத்தே கால் மணி.

நான் மேற்கண்ட முகவரியில் மனைவியுடன் குடியிருந்து வருகிறேன். இதே காவல் நிலையத்தில் நேற்றும் ஒரு வாக்குமூலம் கொடுத்தேன். அதில் நான் சொன்னவற்றில் இரண்டு விஷயங்கள் பொய். அவற்றைத் திருத்துவதற்காக இன்று யாரும் கூப்பிடாமல் நானாகவே வந்திருக்கிறேன். என்னை யாரும் மிரட்டவில்லை. வக்கீல் வேண்டுமா என்று கேட்டார்கள், வேண்டாம் என்று சொன்னேன்.

ஃபாபியான் ஓஸ்த்ரோவ்ஸ்கி என்பவர் எங்கள் குழுவின் பாடகர். ஊரில் போலாகோ என்று சொன்னால்தான் தெரியும். வயது 44. என் தங்கை லிடியாவின் கணவர். எழுத்தர் இந்த இடத்தில் ‘அவர்’ என்றே எழுதி வந்தார். இருபத்திரண்டு வருஷமாக நான் அவனை ‘அவன்’ என்றே சொல்லிப் பழகியிருப்பதால் அப்படியே எழுதும்படி கேட்டுக்கொண்டேன். அவன் என்று எழுதினால்தான் நான் உண்மை சொல்கிறேனா என்று எனக்கே தெரியும்.

நானும் ஃபாபியானும் 1977-இல் கப்பல் தளத்தில் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். நான் வெல்டிங், அவன் துருப்பிடித்த தகட்டைச் சுத்தியலால் அடித்துச் சுத்தம் செய்யும் வேலை. கப்பலின் வயிற்றுக்குள் உட்கார்ந்து எட்டு மணி நேரம் இரும்பை அடிக்க வேண்டும். மாலை ஆறு மணிக்குச் சங்கு ஊதியதும் கைகழுவிவிட்டு என் மாமா வீட்டுக் கோழிக்கூண்டுக்குப் பக்கத்தில் பாட்டுப் பழகுவோம். அதனால் குழுவுக்கு அந்தப் பெயர் வைத்தோம். டிரம்ஸ் வாசிப்பவர் எல்வியோ கராபஹால் அந்த வருஷக் கடைசியில் வந்து சேர்ந்தார். சவுண்டு பார்க்கும் ஈஸ்மாயேல் தொலோசா 1984-இல் வந்தார். இன்று உங்கள் காவலில் இருப்பவர் அவர்தான். வயது 58, இரத்தக் கொதிப்பு உண்டு, கம்பளிச் சட்டையை வெயில் காலத்திலும் கழற்றமாட்டார்.

எங்கள் குழுவில் ஒரு விதி இருந்தது. 1981-இல் ஒரு சங்கக் கட்டடத்தில் நாங்கள் வாசித்துக்கொண்டிருந்தபோது போலீஸ் உள்ளே வந்தது. அந்த ராணுவ ஆட்சிக் காலத்தில் அது வழக்கம். கிட்டார் நின்றது, டிரம்ஸ் நின்றது. நான் பயத்தில் கையை நிறுத்தத் தெரியாமல் வாசித்துக்கொண்டே இருந்தேன். அந்தச் சத்தம் இருந்ததால் கூட்டம் மிரளாமல் பின்பக்கக் கதவு வழியாக வரிசையாக வெளியே போய்விட்டது, ஒருவரும் நசுங்கவில்லை. அதன் பிறகு லாக்கப்பில் உட்கார்ந்திருக்கும்போது ஃபாபியான் என்னிடம், “இனிமே இதான் சட்டம் மச்சான். எது நின்னாலும் பேஸ் நிக்கக் கூடாது” என்று சொன்னான். எனக்கு வந்தது பயம், அவன் அதை வீரம் ஆக்கிவிட்டான். அன்றிலிருந்து மின்சாரம் போனால் தவிர, பாட்டு நடுவில் நான் கையை எடுத்ததே இல்லை. தந்தி அறுந்தபோதும், எல்வியோ மயங்கி விழுந்தபோதும் எடுக்கவில்லை. இது பின்னால் வருகிறது என்பதால் சொல்கிறேன்.

ஃபாபியானுக்கு 1994-இல் இடது காது போனது. 1996 முடிவதற்குள் வலது காதும் போய்விட்டது. இது அவனுக்கும் எனக்கும் லிடியாவுக்கும் தவிர யாருக்கும் தெரியாது. நேற்று அவனுக்குக் காது நன்றாகக் கேட்கும் என்று சொன்னேன். அதுதான் முதல் பொய்.

அதற்கு அத்தாட்சியாக ஒரு தாளை இத்துடன் கொடுக்கிறேன். இது 1997 மார்ச்சில் வேறொரு ஊரில் ஒரு டாக்டரிடம் எடுத்த காது பரிசோதனை அறிக்கை. இதில் நோயாளியின் பெயர் நெஸ்தோர் இரிபார்னே என்று இருக்கும். பெயர்தான் என்னுடையது, காது அவனுடையது. பாட்டுக்காரன் காது கேட்காதவன் என்று வெளியே தெரியக் கூடாது என்பதற்காக என் அடையாள அட்டையைக் கொடுத்து அவனை உட்கார வைத்தோம். இரண்டு காதும் ஏறக்குறைய முழுதாகப் போய்விட்டது என்று இதில் எழுதியிருக்கிறது. வேண்டுமானால் என் காதை இன்றே பரிசோதிக்கலாம். எனக்குப் பக்கத்து அறையில் உங்கள் ஆட்கள் பேசுவது கேட்கிறது. அப்படிச் செய்தது குற்றம் என்றால் அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

காது கேட்காதவன் எப்படிப் பாடினான் என்று கேட்டபோது சொல்வது: அவன் வெறுங்காலோடு பாடினான். 1995-இலிருந்து மேடையில் செருப்பு போடுவதில்லை. பத்திரிகைக்காரர்கள் அதைப் பற்றி நிறைய எழுதினார்கள், துறைமுகத் தொழிலாளியின் ஏழ்மைக்கு அடையாளம் என்று ஒருவர் இரண்டு பக்கம் எழுதினார். ரசிகர்களும் செருப்பைக் கழற்றிவிட்டு ஆட ஆரம்பித்தார்கள், கச்சேரி முடிந்ததும் ஜோடி தேடிக்கொண்டு அலைவார்கள். உண்மை என்னவென்றால் அவன் என் பேஸ் கிட்டாரின் ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று மேடைப் பலகையின் அதிர்வை உள்ளங்காலால் எண்ணுவான். எத்தனையாவது சுற்று என்று அதிலேயே தெரிந்துகொள்வான். சுருதியைத் தொண்டை ஞாபகத்தில் பிடிப்பான், கழுத்தெலும்பில் கை வைத்திருப்பான். தப்பினால் நான் இடது தோளைக் குலுக்குவேன். பாதிப் பாட்டைக் கூட்டமே பாடிவிடும். மீதிப் பாதிக்கு அவன் குரல் முன்பைவிடக் கரடுமுரடாகிவிட்டது என்று எல்லாரும் பாராட்டினார்கள்.

தொலோசாவுக்கு இது தெரியாது. பாடகன் காலடியில் அவன் குரலை அவனுக்கே கேட்கவைக்க ஒரு மானிட்டர் பெட்டி வைப்பது வழக்கம். உலகத்தில் எல்லாப் பாடகனும் அந்தப் பெட்டியைப் பற்றிச் சவுண்டுக்காரரிடம் சண்டை போடுவான். ஃபாபியான் மட்டும் கட்டை விரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விடுவான். தொலோசா அதைப் பெருமையாக மாத்தே குடிக்கிற இடத்தில் எல்லாம் சொல்வார். “பதினஞ்சு வருஷத்துல என்கிட்ட ஒரு குறை சொல்லாத மகராசன் அவன் ஒருத்தன்தான்யா. மத்தவனுங்க எல்லாம் பாட வர்றானுங்களா, என்னத் திட்ட வர்றானுங்களான்னே தெரியல” என்பார். அப்போதெல்லாம் நான் சிரிப்பேன். இப்போது அவர் உள்ளே இருப்பதற்கு அந்தக் கட்டை விரலும் ஒரு காரணம்.

இனி பாட்டுகளைப் பற்றிச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நடந்தது புரியாது. எங்களிடம் ‘மூடுபனி’ என்று 1983-இல் போட்ட பழைய பாட்டு ஒன்று இருக்கிறது. ‘கிரேன்’ என்று 1997-இல் போட்ட புதிய பாட்டு ஒன்று இருக்கிறது. இரண்டும் என் பேஸ் மட்டும் தனியாக வாசிக்கும் பதினாறு சுற்றுகளோடு ஆரம்பிக்கும், அதற்கு அரை நிமிஷத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும். ‘கிரேன்’ பாட்டில் அந்தப் பதினாறு சுற்றும் ஃபாபியான் கூட்டத்துக்கு முதுகு காட்டி என் பெட்டிப் பக்கம் நிற்பான், முடிந்ததும் திரும்பி ஐந்து எட்டு ஓடி மேடையிலிருந்து குதிப்பான். கூட்டம் நெருக்கி நின்று கையை உயர்த்தி அவனைப் பிடித்துத் தலைக்கு மேல் கடத்தும். ‘மூடுபனி’ பாட்டில் நேர் மாறாக நடக்கும். ஆரம்பத்தைக் கேட்டதுமே கூட்டம் மேடைக்கு நேர் கீழே வட்டமாகப் பின்வாங்கி நடுவைக் காலி செய்யும், பதினாறு முடிந்து டிரம்ஸ் விழுந்ததும் எல்லாரும் ஒன்றாக நடுவுக்குப் பாய்ந்து மோதி ஆடுவார்கள்.

இரண்டு பாட்டிலும் ஸ்வரம் வேறு, தாளம் ஒன்றேதான். ‘கிரேன்’ போட்ட வருஷம் எனக்குத் தளத்தில் இரட்டை வேலை, புதிதாக யோசிக்கச் சோம்பல்பட்டு பழைய அடியையே எடுத்து வேறு ஸ்வரத்தில் வைத்தேன். யாரும் கண்டுபிடிக்கவில்லை. ஃபாபியான் மட்டும் ஒரு தடவை ஒத்திகையில், “ரெண்டும் கால்ல ஒரே மாதிரி வருதே மச்சான், ஏமாத்துறியா?” என்று கேட்டான். ஸ்வரம் வேறு, உனக்குத்தான் தெரியவில்லை என்று அவன் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். அவன் அதற்கு மேல் கேட்கவில்லை. நான் அன்றே அந்த அடியை மாற்றியிருக்க வேண்டும்.

‘மூடுபனி’ வரிசையில் இருந்தாலும் சரி, கூட்டம் கேட்டாலும் சரி, அதை ஆரம்பிக்கும் முன் நான் நடந்துபோய் அவன் தோளைத் தொட்டு உதட்டை அசைத்துப் பாட்டின் பெயரைச் சொல்ல வேண்டும் என்பது எங்கள் இருவருக்கும் இருந்த ஏற்பாடு. மூன்று வருஷம் ஒரு தடவைகூட அதில் தவறியதில்லை.

நவம்பர் 14, ஞாயிறு. எங்கள் ஊருக்கு அடுத்த ஊரில் ஒரு விளையாட்டுக் கழகத்தின் கூடைப்பந்து மைதானத்தில் கச்சேரி. தரை சிமென்ட். மேடை ஒன்றரை மீட்டருக்குக் கொஞ்சம் உயரம், மேற்கைப் பார்த்துப் போட்டிருந்தார்கள். அன்று பகல் பன்னிரண்டு மணிக்குச் சவுண்டு சரிபார்த்தோம். அப்போது தொலோசா இரண்டு மானிட்டர் பெட்டிகளையும் சோதித்தார், இரண்டும் வேலை செய்தன. அதை நானே காதால் கேட்டேன். அதன் பிறகு நானும் ஃபாபியானும் சுட்ட இறைச்சி வைத்த சோரிபான் ரொட்டி சாப்பிட அடுப்புப் பக்கம் போனோம். அங்கே எங்களுக்குள் நடந்த பேச்சு பின்வருமாறு.

நான் சொன்னது: “போலாகோ, இது போதும்டா. தொலோசா கிட்டயாவது சொல்லிடுவோம். நான் ஒருத்தன் எத்தனை நாள்தான் உன் காதா இருக்கிறது?”

அவன் சொன்னது: “எனக்கு ரெண்டு காது போச்சு, உன்னோட ரெண்டு இருக்கு. ஆளுக்கு ஒண்ணு. கணக்கு சரியாத்தான இருக்கு?”

“வெளையாடாத. ஒரு நாளைக்கு நான் மறந்துட்டா?”

“நீயா? நீ மறக்க மாட்ட மச்சான். நீ கோழி மாதிரி, ராத்திரி பூரா கவலப்பட்டுக்கிட்டே தூங்குவ.”

இதைச் சண்டை என்று சொல்ல முடியாது. கோபம் இருந்ததா என்று அதிகாரி கேட்டார். இருந்தது. அவனிடம் நான் கோபமில்லாமல் இருந்த நாள் குறைவு. ஆனால் அந்தக் கோபத்தால் எதையும் செய்யவில்லை.

மாலை ஐந்தே முக்காலுக்குக் கச்சேரி ஆரம்பமானது. முதல் ஐந்து பாட்டு ஒழுங்காக நடந்தது. ஆறாவது ‘கிரேன்’ என்று தரையில் ஒட்டியிருந்த தாளில் எழுதியிருந்தது. ‘மூடுபனி’ அன்றைய வரிசையில் இல்லை. ஐந்தாவது பாட்டு முடிந்தபோது மணி ஆறரை இருக்கும். ஃபாபியான் பின்பக்கம் போய்த் துண்டால் முகம் துடைத்துக்கொண்டு தண்ணீர் குடித்தான்.

அப்போது கூட்டத்தின் இடது பக்கத்தில் ஒரு துணி உயர்ந்தது. எங்கள் ஊர்ப்பக்கம் ரசிகர்கள் துணியில் பேட்டைப் பெயரை எழுதிக்கொண்டு வந்து தூக்கிப் பிடிப்பார்கள். அவர்களில் யாராவது செத்துப்போனால் அடுத்த கச்சேரியில் அவன் பெயரையும் அவனுக்குப் பிடித்த பாட்டையும் எழுதித் தூக்குவார்கள். தூக்கினால் அடுத்தது அந்தப் பாட்டுதான், வரிசையில் எது இருந்தாலும் சரி. இதுவரை ஒரு துணியையும் நாங்கள் கண்டும் காணாமல் விட்டதில்லை. அன்று துணியில் ‘டீனோ, மூடுபனி’ என்று இருந்தது. டீனோ மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்தவன் என்று பிறகு தெரிந்துகொண்டேன். துணியின் ஒரு முனையை அவன் அம்மா பிடித்திருந்தார். ஐம்பது வயது இருக்கும், வேலைக்குப் போகும் மேலங்கியைக் கழற்றாமல் வந்திருந்தார். அவரும் செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் வைத்திருந்தார். அவர் என்னையே பார்த்தார். நான் தலையசைத்தேன். எல்வியோவைத் திரும்பிப் பார்த்தேன், அவரும் துணியைப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார்.

எனக்கும் ஃபாபியானுக்கும் நடுவில் நாலு எட்டு தூரம் இருந்தது. அந்த நாலு எட்டை நான் நடக்கவில்லை.

ஏன் நடக்கவில்லை என்று கேட்டபோது சொல்வது: மறந்துவிட்டேன். அவனுக்குக் காது கேட்காது என்பது அந்த நிமிஷம் எனக்கு ஞாபகத்தில் இல்லை. ஊரிடம் மறைத்து மறைத்து, அவனை எல்லாரையும் போலவே நடத்தி நடத்தி, கடைசியில் எனக்கே மறைந்துவிட்டது. இதைவிட நல்ல காரணம் என்னிடம் இல்லை, பதினொரு நாளாகத் தேடிப் பார்த்துவிட்டேன்.

அதன் பிறகு நான் ‘மூடுபனி’யை ஆரம்பித்தேன். கூட்டம் வழக்கம்போல் வட்டமாகப் பின்வாங்கியது. ஃபாபியான் பின்னால் இருந்து வந்தான், துணியைப் பார்க்கவில்லை, என் பெட்டிப் பக்கம் முகம் வைத்து நின்று கண்ணை மூடிக்கொண்டான். ‘மூடுபனி’க்கு அவன் மைக் முன்னால் நின்று இறந்தவனின் பெயரைச் சொல்ல வேண்டும். அவன் முதுகு காட்டி நிற்கிறானே என்று எனக்கு உறைத்தபோது பத்தாவது சுற்றோ பதினொன்றாவதோ ஓடிக்கொண்டிருந்தது. கீழே பார்த்தேன். வட்டம் முழுதாகத் திறந்திருந்தது, நடுவில் சிமென்ட் தரையும் இரண்டு செருப்பும்தான் கிடந்தன.

நான் என் மைக்கில் கத்தினேன். “போலாகோ, வேணாம், நில்லு” என்று கத்தினேன். நேற்று நீங்கள் எனக்குப் போட்டுக் காட்டிய கச்சேரி கேசட்டில் இருக்கும் குரல் என்னுடையது. அது கூட்டத்தில் யாரோ கத்தியது என்று நேற்று சொன்னேன். அதுதான் இரண்டாவது பொய். அந்தக் குரல் ஃபாபியானின் மானிட்டர் பெட்டியிலிருந்தும் வெளியே வந்தது. அவன் பெட்டி எனக்கு மூன்றடி தூரத்தில் என்னைப் பார்த்தபடி இருந்தது, என் குரல் என் முகத்திலேயே வந்து அடித்தது. எல்வியோவுக்குக் கேட்டது. எதிர்ப்புறம் துணி பிடித்திருந்த அம்மாவுக்குக்கூடக் கேட்டது, அவர் வாயைப் பொத்திக்கொண்டதைப் பார்த்தேன். பெட்டி வேலை செய்தது. தொலோசா மேல் ஒரு தவறும் இல்லை.

மேடையைச் சோதித்தபோது ஒரு மானிட்டர் பெட்டியின் வயர் பிடுங்கிக் கிடந்ததாகச் சொல்கிறார்கள். அது அவன் விழுந்த பிறகு நடந்தது. கூட்டத்துக்குள் வழியில்லாமல் ஸ்ட்ரெச்சரை மேடை மேல் ஏற்றிப் பின்பக்கமாக இறக்கியபோது பின்னால் பிடித்திருந்தவரின் கால் பட்டுப் பிடுங்கிக்கொண்டது. பின்னால் பிடித்திருந்தவன் நான்.

கத்தினேன் என்று சொன்னேன். ஆனால் கையை நிறுத்தவில்லை. கேசட்டில் நீங்கள் மறுபடி கேட்கலாம், நான் கத்திய பிறகும் பேஸ் நாலு சுற்று முழுதாகப் போகிறது. கையை எடுத்திருந்தால் பலகை அடங்கியிருக்கும், பலகை அடங்கினால் அவன் கண்ணைத் திறந்திருப்பான். அவனுக்குக் கேட்கக்கூடிய ஒரே சத்தம் என் கையில் இருந்தது. நான் வாயைத் திறந்தேன். எது நின்றாலும் பேஸ் நிற்கக் கூடாது என்பது அவனே போட்ட சட்டம், அவன் விஷயத்தில் மட்டும் அதை மீற வேண்டும் என்று என் கைக்குத் தெரியவில்லை.

பதினாறாவது சுற்று முடிந்ததும் அவன் திரும்பி ஓடினான். வெயில் நேராக முகத்தில் அடித்தது. நாங்கள் எப்போதும் இருட்டிய பிறகு வாசிக்கிறவர்கள், மேற்கே பார்த்த மேடையில் அவன் குதித்தது அதுவே முதல் தடவை. ஐந்து எட்டு வைத்தான், குதித்தான், கையை விரித்தபடியே போனான். நான் கத்தியதில் எல்வியோ டிரம்ஸை அடிக்கவில்லை, வட்டம் மூடவில்லை, பிடிக்க ஆள் இல்லை. விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது.

அதன் பிறகு கூட்டம் ஓடிவந்தது. டீனோவின் அம்மா அந்தத் துணியை மடித்து ஃபாபியானின் தலைக்குக் கீழே வைத்தார். அவனுக்கு நினைவு இருந்தது. என்னைப் பார்த்து, “வட்டம் எப்படிடா வந்துச்சு?” என்று கேட்டான். ஆம்புலன்ஸ் வந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். முதுகெலும்பு முறிந்துவிட்டது, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி திரும்பாது என்று டாக்டர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

நவம்பர் 18 அன்று ஃபாபியான் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடி, மானிட்டர் பெட்டி செத்துப்போயிருந்தது, அதனால் பாட்டு மாறியது தெரியவில்லை என்று வாக்குமூலம் கொடுத்ததாக அறிகிறேன். அன்று உங்கள் ஆள் கேட்ட ஒவ்வொரு கேள்வியையும் லிடியா பக்கத்தில் உட்கார்ந்து அவன் முகத்துக்கு நேராகத் திரும்பச் சொன்னாள். அவன் பலவீனமாக இருக்கிறான் என்பதால் அப்படிச் செய்கிறாள் என்று உங்கள் ஆள் நினைத்திருப்பார். அவள் உதட்டைப் பார்த்துத்தான் அவன் பதில் சொன்னான். மறுநாள் தொலோசாவைப் பிடித்துக்கொண்டு போனீர்கள். ஃபாபியான் கெட்டவன் அல்ல. தொலோசாவை இரண்டு நாளில் விட்டுவிடுவார்கள் என்று நம்பித்தான் சொன்னான். தனக்குக் காது கேட்காது என்று ஊர் தெரிந்துகொள்வதைவிடச் செத்துப்போவது மேல் என்று நினைக்கிறவன்.

இன்று காலை ஏழரை மணிக்கு நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். லிடியா வாசலிலேயே நின்றாள். நான் எதற்கு வந்தேன் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

“அவர் கால் போச்சு அண்ணா. பேரையும் நீ எடுத்துடாத” என்றாள்.

“தொலோசாவுக்கு பிரஷர் மாத்திரைகூட உள்ள குடுக்கலையாம், லிடியா.”

“எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் கேக்குறேன்.”

அவளைத் தாண்டி உள்ளே போனேன். கட்டிலுக்கு எதிரே வெளிச்சம் என் முகத்தில் படும்படி நின்று மெதுவாகப் பேசினேன். தொலோசாவை விடுவிக்க எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன் என்றேன்.

ஃபாபியான் சொன்னது: “சொல்லாத மச்சான். செவிட்டுப் பய கத்துனதுக்குக் கை தட்டுனோமேன்னு ஊரே சிரிக்கும்.”

“யாரும் சிரிக்க மாட்டாங்க.”

“சிரிக்க மாட்டாங்கன்னா பாவம்னு சொல்லுவாங்க. அது இன்னும் கேவலம்.”

நான் அடுத்ததைச் சொல்ல வாயெடுத்தபோது அவன் கண்ணை மூடிக்கொண்டான். கண்ணை மூடிவிட்டால் அவனிடம் யாரும் எதையும் சொல்ல முடியாது. அதன் பிறகு அவன் கை பிடித்திருந்த கட்டில் கம்பியில் இரண்டு விரலால் அந்த அடியைத் தட்டினேன். ஏன் தட்டினேன் என்று சொல்லத் தெரியவில்லை. நாலைந்து சுற்று போனதும் கண்ணைத் திறக்காமலே கேட்டான்:

“இது எது மச்சான்? கிரேனா, மூடுபனியா?”

நான் சொன்னேன். ரெண்டும் ஒண்ணுதான், சோம்பேறித்தனத்துல நான்தான் அப்படிப் போட்டேன், நீ கேட்டப்ப பொய் சொன்னேன் என்று சொன்னேன். நாலு எட்டு நடக்கவில்லை, கத்தினேன், கையை நிறுத்தவில்லை என்பதையும் சொன்னேன். எல்லாவற்றையும் சத்தமாகவே சொன்னேன், பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். ஃபாபியான் கண்ணைத் திறக்கவே இல்லை. விரலை நிறுத்தியதும் திறந்தான். அப்போது சொல்வதற்கு என்னிடம் தைரியம் மீதி இல்லை. வெளியே வந்து பஸ் பிடித்து நேராக இங்கே வந்தேன்.

தொலோசாவை இன்றே விடுவிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். என் மேல் என்ன நடவடிக்கை எடுத்தாலும் எதிர்ப்பு இல்லை. இன்னொரு வேண்டுகோளும் உண்டு. இந்த வாக்குமூலத்தின் நகல் ஒன்றை, படுத்தபடியே படிக்க வசதியாகப் பெரிய எழுத்தில் தட்டச்சு செய்து ஃபாபியான் ஓஸ்த்ரோவ்ஸ்கியிடம் கொடுக்க வேண்டும். லிடியா படித்துச் சொல்ல வேண்டாம், அவன் கையிலேயே கொடுக்க வேண்டும். அவனுக்குக் கண் நன்றாகத் தெரியும்.

எழுத்தர் முழுதையும் எனக்கு உரக்க வாசித்துக் காட்டினார். நான் சொன்னபடியே இருக்கிறது, சேர்க்கவோ நீக்கவோ ஒன்றும் இல்லை. இதில் சொன்னதெல்லாம் நான் கண்ணால் கண்டது, காதால் கேட்டது, கையால் செய்தது, எல்லாம் உண்மை.

(ஒப்பம்) நெஸ்தோர் இரிபார்னே
பகல் பன்னிரண்டு ஐந்து. என் முன்னிலையில் பதிவானது. (ஒப்பம்) விசாரணை அதிகாரி